முழங்கால் ஆழத் தண்ணீர்

டிசம்பர் வந்தால் வேடந்தாங்கல் பற்றிய செய்திகளில் ஒரு வரி தவறாமல் இடம்பிடிக்கிறது: சைபீரியாவிலிருந்து பறவைகள் குஞ்சு பொரிக்க வந்து குவிந்தன என்று. சைபீரியாவிலிருந்து வரும் பறவை இங்கே கூடு கட்டுவதில்லை. நீலச்சிறகுக் கிளுவையும் ஊசிவால் வாத்தும் பொறி உள்ளானும் வடக்கே கோடையில் குஞ்சு பொரித்து முடித்துவிட்டு, அங்கே நீர்நிலைகள் உறையும்போது இரை தேடி வருபவை. கோடை தொடங்குவதற்குள் திரும்பிவிடும். வேடந்தாங்கலில் தண்ணீரில் நிற்கும் மரங்களின் மேல் கூடு கட்டும் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, அரிவாள் மூக்கன் எல்லாம் நம் நாட்டுப் பறவைகள். மழை எங்கே பெய்கிறதோ அந்தத் திசைக்கு இடம் மாறுபவை.

விருந்தாளியானாலும் வீட்டுக்காரரானாலும் இரண்டுக்கும் வேண்டியது ஆழமில்லாத தண்ணீர். அது வேடந்தாங்கல் வேலிக்குள் போதுமான அளவில் இல்லை. அந்தச் சரணாலய ஏரி ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். 1798-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் ஊர் மக்கள் முறையிட்டுப் பாதுகாப்பு உத்தரவு வாங்கிய இடம் அது. 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இத்தனை பெருமையும் கூடு கட்டும் மரங்களுக்கு. குஞ்சுகளுக்கான மீனும் நத்தையும் பெரும்பாலும் வெளியே, எந்தப் பட்டியலிலும் இல்லாத ஏரிகளிலிருந்தும் நெல்வயல்களிலிருந்தும் வருகின்றன.

வேடந்தாங்கலிலிருந்து வடக்கே நேர்க்கோட்டில் சுமார் 40 கிலோமீட்டரில் வல்லம் வடகால். மோட்டார் சைக்கிளும் மின்னணுப் பொருள்களும் தயாராகும் சிப்காட் தொழிற்பேட்டை. சுற்றிலும் தென்னேரி, மணிமங்கலம், ஸ்ரீபெரும்புதூர், செம்பரம்பாக்கம் ஏரிகளும் பெயர் தெரியாத பல சிற்றேரிகளும். கூட்டில் குஞ்சு இருக்கும்போது தாயும் தந்தையும் பக்கத்து ஏரிகளையே நம்பும்; ஓயாமல் இரை கொண்டுவர வேண்டுமே. ஆனால் கூடு கட்டும் முன் உடம்பைத் தேற்றிக்கொள்ளவும், பறக்கப் பழகிய இளம் பறவைகள் பிழைத்துக்கொள்ளவும் இப்படித் தொலைவிலுள்ள ஏரிகளும் வேண்டும்.

மஞ்சள்மூக்கு நாரை மேய்வதைக் கிட்ட நின்று பாருங்கள். முழங்கால் அளவு தண்ணீரில் மெதுவாக நடக்கும். அலகைப் பாதி திறந்து நீருக்குள் விட்டு இப்படியும் அப்படியும் துழாவும். ஒரு காலால் சேற்றைக் கிளறி மீனைக் கலைக்கும். மீனைக் கண்ணால் தேடுவதில்லை. அலகில் பட்டதும் கவ்விவிடுகிறது. இதே பேரினத்தைச் சேர்ந்த அமெரிக்க மர நாரையை 1960-களில் கண்ணை மறைத்துச் சோதித்தார்கள். அப்போதும் அது மீன் பிடித்தது. அலகு மூட எடுத்த நேரம் ஒரு விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு.

இப்படித் தொட்டுப் பிடிக்கும் பறவைக்கு ஏரியில் மீன் இருந்தால் மட்டும் போதாது, நெருக்கமாக இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைகிறது, மீன் பெருகுகிறது. மழை ஓய்ந்து தண்ணீர் வற்ற வற்ற மீன்கள் கரையோரக் குட்டைகளில் அடைபடுகின்றன. குஞ்சுகளின் பசி ஏறும் காலமும் ஏறக்குறைய அதுதான். வற்றுகிற ஏரியை வீணாகிற ஏரி என்றே நினைத்துப் பழகிவிட்டோம். நாரைக்கு அதுவே அறுவடைக் காலம்.

தொழிற்பேட்டைக்குள்ளேயே கூடு கட்டும் பறவையும் உண்டு. சிவப்பு மூக்கு ஆட்காட்டிக்கு மரம் வேண்டாம். சமன்படுத்திச் சும்மா கிடக்கும் சரளை மனையே போதும். லேசான பள்ளத்தில் நான்கு முட்டை, கூர்முனை உள்நோக்கி இருக்கும்படி அடுக்கியிருக்கும். மண் நிறத்தில் கரும்புள்ளிகள். இரண்டடி தள்ளி நின்றாலும் கண்ணுக்குத் தட்டுப்படாது. ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறத்தாழ நான்கு வாரம் அடைகாக்கும். கோடையில் அடைகாப்பதை விடக் கடினம் முட்டை வெந்துவிடாமல் காப்பது. அதற்காகப் பறவை நீரோரம் போய் வயிற்றுச் சிறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும். மனை காலியாக இருந்தும் அருகே தண்ணீர் விளிம்பு இல்லாவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. காலி மனையில் ஜேசிபி இறங்கும் முன் யாராவது ஒருமுறை நடந்து பார்த்து, கூடு இருந்தால் நான்கு கல் நட்டுக் கயிறு கட்டி, அந்த மூலையை ஒரு மாதம் கடைசிக்குத் தள்ளிவைப்பது பெரிய செலவல்ல.

2024-ல் வல்லம் வடகாலில் 18,720 தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. பெரும்பாலும் பெண்கள். ஒரு சிறு நகரத்துக்கான தண்ணீர் வேண்டும், ஆகவே ஏரியைத் தூர்வாரு, ஆழப்படுத்து என்ற கோரிக்கை நியாயமானது. தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு நிதியில் இத்தகைய வேலைகள் நடக்கவும் செய்கின்றன. எனக்குக் கவலை தருவது வெட்டும் விதம். கரையை ஒட்டிச் செங்குத்தாக வெட்டி, ஏரியைச் சுற்றி நடைபாதை போட்டுவிட்டால் கொள்ளளவு கூடும். நாரை நிற்க இடமிருக்காது. கிளுவை மேயும் கோரையும் உள்ளான் குத்தித் தின்னும் சேறும் அதோடு போய்விடும். ஆலைக் கழிவு, வரத்துக்கால் வழியே ஏரிக்குள் இறங்கினாலோ, விளிம்பு இருந்தும் பயனில்லை. நத்தையின் உடலில் கன உலோகம் சேர்ந்து நத்தை குத்தி நாரைக்குப் போய்ச் சேரும்.

மதகுப் பக்கம் ஆழமாகத் தோண்டலாம். எதிர்ப்பக்கம், வரத்துக்கால் சேரும் மேட்டுப் பகுதியை மென்சரிவாகவே விட்டுவிடலாம். நடுவில் மண் திட்டு போட்டு நாட்டுக் கருவேலம் நட்டால், மரம் வளர்ந்த பிறகு கொக்கும் நீர்க்காகமும் அங்கேயே கூடு கட்டக்கூடும். வேலை தொடங்கும் முன் ஊர்க்காரர்கள் ஊராட்சியில் வரைபடத்தைக் கேட்டு வாங்கி முதலில் பார்க்க வேண்டியது, மேட்டுப் பக்கத்துச் சரிவு எத்தனை அடிக்கு ஓர் அடி இறங்குகிறது என்பதைத்தான்.