மெக்சிக்கோவில் ஒரு பகல்: வழிகாட்டி சொல்லாமல் விடுபவை

"மெக்சிக்கோவா? அங்கே நாம் எங்கே போகப் போகிறோம்?" என்று சகோதரிகளே, நீங்கள் முணுமுணுப்பது எமக்குக் கேட்கிறது. ஆனால் கனடாவிலும் அமெரிக்காவிலும் பிள்ளைகள் குடியேறிவிட்ட குடும்பங்கள் இன்று நம்மிடையே எத்தனையோ உண்டு. மகளின் பிள்ளைப்பேறு பார்க்க டொரொண்டோ போன உம்மாவிடம், பாடசாலை விடுமுறையில் மருமகன் வந்து "மாமி, ஒரு கிழமைக்கு மெக்சிக்கோ போய் வருவோம்" என்று சொல்லிச் சீட்டையும் எடுத்துவிட்டால் அவர் என்ன செய்வார்? போகத்தான் வேண்டும். அப்படிப் போகிறவருக்காகவும், வீட்டிலிருந்தபடியே நாலு ஊரைப் பார்க்க விரும்பும் மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறோம்.

மெக்சிக்கோ நகரம் பெரிய பட்டணம். சன நெரிசலும் வாகன இரைச்சலும் இரண்டு நாளில் அலுத்துவிடும். மூன்றாம் நாள் ஹோட்டல் முகப்பில் அடுக்கி வைத்திருக்கும் துண்டுப் பிரசுரங்களில் ஒன்று உங்கள் கைக்கு வரும். காலையில் வேனில் ஏற்றி, பழைமை மாறாத ஊர்களைக் காட்டி, இரவுக்குள் திரும்பக் கொண்டுவந்து விடும் ஒருநாள் பயணம் அது. இத்தகைய ஊர்களுக்கு 'மாய ஊர்' என்று பட்டம் சூட்டும் திட்டமொன்றை அந்நாட்டுச் சுற்றுலா அமைச்சு 2001 இல் தொடங்கியது. 2023 இல் பட்டம் பெற்ற ஊர்களின் தொகை 177 ஆகிவிட்டது. இத்தனைக்கும் பட்டம் கொடுத்தால் மாயம் எங்கே மிஞ்சும் என்று கேட்கத் தோன்றுகிறது! ஆனால் 2012 இல் அந்தப் பட்டம் பெற்ற சொலூலாவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. சொலூலாவையும் பக்கத்து நகரமான புவெப்லாவையும் சேர்த்துக் காட்டும் பயணத்தையே நாம் உங்களுக்குச் சிபாரிசு செய்வோம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தப் பாதை நெடுகிலும் நம்முடைய வரலாற்றின் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. வழிகாட்டிகள் பெரும்பாலும் அதைச் சொல்வதில்லை.

தூரம் ஏறத்தாழ 130 கிலோமீற்றர். வீதி நெரிசலைப் பொறுத்து இரண்டு மணித்தியாலமும் ஆகலாம், மூன்றும் ஆகலாம். இடையில் 3,000 மீற்றருக்கும் மேலான மலைக் கணவாய் ஒன்றைத் தாண்ட வேண்டும். நுவரெலியாவே 1,900 மீற்றருக்குக் குறைவுதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பளிச் சட்டை ஒன்று கட்டாயம் வேண்டும். பிரஷர், இருதய வருத்தம் உள்ளவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. வானம் தெளிவாக இருந்தால் பனி மூடிய இரண்டு மலைகள் தெரியும். ஒன்று, படுத்துறங்கும் பெண்ணின் உருவம் கொண்ட இஸ்தாக்சீவாத்ல். மற்றது, 1994 டிசம்பரிலிருந்து மீண்டும் புகைந்துவரும் பொப்போகாத்தெபெத்ல் எரிமலை.

சொலூலாவில் இறங்கியதும் உங்கள் முன்னால் ஒரு பச்சைக் குன்று நிற்கும். உச்சியில் மஞ்சள் நிறத் தேவாலயம் ஒன்று. அது குன்று அல்ல, மண்ணும் புல்லும் மூடிய பிரமிட்! அடித்தளத்தின் ஒரு பக்கம் மட்டும் ஏறத்தாழ 400 மீற்றர். உயரத்தில் எகிப்தின் பெரிய பிரமிட்டின் பாதியளவுக்கும் வராது. ஆனால் கன அளவைக் கணக்கிட்டால் உலகில் இதைவிடப் பெரிய பிரமிட் கிடையாது. 1931 முதல் அகழ்வாய்வாளர்கள் இதன் வயிற்றுக்குள் தோண்டிய சுரங்கப் பாதைகளின் நீளம் ஏறத்தாழ 8 கிலோமீற்றர். 2017 செப்டெம்பரில் வந்த பூமியதிர்ச்சி மேலேயுள்ள தேவாலயத்தைச் சேதப்படுத்தியது.

குன்றேற முழங்கால் இடம் கொடுத்தால் ஏறுங்கள். உச்சியில் நின்று ஊரைப் பார்க்கும்போது ஒன்றை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 1519 இல் ஸ்பானியத் தளபதி கோர்த்தெஸ் இந்த ஊருக்குள் வந்தான். தன் அரசனுக்கு எழுதிய கடிதத்தில், இங்கே ஒரு கோயிலின் மேல் நின்று நானூற்றுக்கும் மேற்பட்ட கோபுரங்களை எண்ணியதாகக் குறிப்பிடுகிறான். அவற்றை அவன் எந்தச் சொல்லால் அழைக்கிறான் தெரியுமா? 'மெஸ்கீத்தா' என்று! ஸ்பானிய மொழியில் அதன் பொருள் பள்ளிவாசல். சிலைகள் நிறைந்த கோயில்களைப் பார்த்து எப்படி அந்தச் சொல் வந்தது? கிரனாடா வீழ்ந்தது 1492 இல். கோர்த்தெஸ் அப்போது சிறுபிள்ளை. முஸ்லிம்களை வென்றடக்கிய கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. தம்முடைய மதமல்லாத எந்த வணக்கத்தலமும் அவர்களுடைய வாயில் பள்ளிவாசலாகிவிட்டது. 1505 இல் நம் நாட்டுக்கு வந்த போர்த்துக்கேயர் நம் முன்னோரைக் கண்டதும் 'மூர்' என்று தம் ஊர்ப் பகைவரின் பெயரையே சூட்டினார்கள் அல்லவா? அதே கண், அதே காலம்.

அந்த ஒக்டோபரில் சொலூலாவில் என்ன நடந்தது என்பதையும் அவனே எழுதியிருக்கிறான். ஊர்ப் பிரமுகர்களை வளவொன்றுக்குள் கூட்டி வைத்துத் தாக்கினார்கள். சில மணித்தியாலங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சதிசெய்தார்கள், அதனால் தண்டித்தேன் என்பது அவன் சொன்ன நியாயம். வழிகாட்டி இதை ஓரிரு வாக்கியத்தில் முடித்துவிட்டு, இந்த ஊரில் 365 தேவாலயங்கள், நாளுக்கு ஒன்று என்று பெருமையடிப்பார். அத்தனை கிடையாது. அது ஊர்ப்பேச்சு.

கீழே இறங்கியதும் சான் கபிரியேல் என்ற பெரிய துறவி மடத்துக்குக் கூட்டிப்போகும்படி கேளுங்கள். எல்லாப் பயணத் திட்டங்களிலும் அது இராது. வேனில் ஏறுமுன்பே கேட்டு உறுதிசெய்து கொள்வது புத்தி. கெட்சல்கோவாத்ல் என்ற பழைய தெய்வத்தின் கோயில் நின்ற இடத்தில் எழுந்த மடம் அது. அதே வளவில் 'கப்பியா ரெயால்' என்றொரு கட்டடம் உண்டு. புதிதாக மதம் மாற்றப்பட்ட சுதேச மக்களுக்கென 16ஆம் நூற்றாண்டில் கட்டினார்கள். கூரை பின்னாளில் திருத்திக் கட்டப்பட்டது. வெளியே நின்று அந்தக் கூரையைப் பாருங்கள். வரிசை வரிசையாக 49 சிறு குவிமாடங்கள்! உள்ளே தூண்கள், தூண்கள், மேலும் தூண்கள். நடக்க நடக்க ஒவ்வொரு வளைவுக்குப் பின்னாலும் இன்னொரு வளைவு விரியும்.

குர்துபா பெரிய பள்ளிவாசலின் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். 785 இல் கட்டத் தொடங்கி, 1236 இல் தேவாலயமாக்கப்பட்டது. கட்டடக் கலை அறிந்தவர்கள் இந்தக் கப்பியா ரெயாலைக் குர்துபாவுடன் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். முஸ்லிம்களும், மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களான மொரிஸ்கோக்களும் அமெரிக்கக் கண்டத்துக்குப் போகக்கூடாதென்று ஸ்பானிய அரசர்கள் தடை போட்டிருந்தார்கள். ஆளுக்குத் தடை போடலாம். கொத்தனின் கைப்பழக்கத்துக்கு எப்படித் தடை போடுவது?

அதே கேள்வியோடு புவெப்லாவுக்கு வாருங்கள். வழியில் தொனான்சின்த்லா, அகாத்தெப்பெக் என்ற இரு சிற்றூர்களில் வேன் நிற்கலாம். அகாத்தெப்பெக் தேவாலயத்தின் முகப்பு முழுவதும் வண்ண ஓடுகள். புவெப்லாவிலோ வீட்டுச் சுவர், குசினி, நீர்த்தொட்டி, குவிமாடம் என்று எங்கு பார்த்தாலும் அதே ஓடுகள்தான். நீலமும் வெள்ளையும், இடையிடையே மஞ்சள். சுவர் ஓட்டுக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'அஸூலேஹோ'. அரபுச் சொல்லான 'ஸுலைஜ்' என்பதிலிருந்து வந்தது. 'தலவெரா' என்ற இந்த மட்பாண்டக் கலையின் வேர் இன்னும் ஆழமானது. சீனத்துப் பீங்கானின் வெண்மையைக் கண்டு மயங்கிய ஈராக்கியக் குயவர்கள், 9ஆம் நூற்றாண்டில் வெள்ளீயம் கலந்த பூச்சால் சாதாரண மண்ணையும் வெண்மையாக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். அந்தப் பூச்சு எகிப்து, மக்ரிப் வழியாக அந்தலூஸுக்குப் போனது. அங்கிருந்து ஸ்பானியர் புவெப்லாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1653 இல் இங்குள்ள குயவர் சங்கம் தரக் கட்டுப்பாட்டு விதிகளையே எழுதி வைத்துவிட்டது. 2019 இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனித குலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

பட்டறை ஒன்றுக்குள் நுழைந்து பாருங்கள். கறுப்புக் களியையும் வெள்ளைக் களியையும் கலந்து ஊறப்போடுகிறார்கள். சக்கரத்தில் வனைந்து ஆறுதலாகக் காயவிட்டு ஒருமுறை சுடுவார்கள். பிறகு வெள்ளைப் பூச்சில் தோய்த்து, அது காய்ந்தபின் தூரிகையால் கோலம் தீட்டுவார்கள். பூச்சு ஈரத்தை உடனே உறிஞ்சிவிடும். தப்பாக ஒரு கோடு விழுந்தால் அழித்தெழுத முடியாது. பின்பு மறுபடியும் சூளை. இத்தனை வேலை செய்த ஒரு கோப்பையின் விலையைக் கேட்டுத் திகைக்காதீர்கள். மலிவான போலிகள் தெருவெங்கும் உண்டு. உண்மைத் தலவெராவின் அடியில் பட்டறையின் அடையாளமும் தீட்டியவரின் எழுத்தும் இருக்கும்.

இங்கே ஒரு முக்கியமான விடயம். மெக்சிக்கோவில் ஈயப் பூச்சுள்ள மலிவான மண்பாத்திரங்கள் இன்னும் விற்பனையாகின்றன. எலுமிச்சை, தக்காளி, புளி சேர்ந்த உணவை அவற்றில் வைத்தால் ஈயம் கசியும். சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கு அது பெரும் கெடுதி. சமையலுக்கோ சாப்பாட்டுக்கோ வாங்குவதானால் 'ஸின் ப்லோமோ' தானா என்று கேளுங்கள். ஈயமற்றது என்பது பொருள். நிச்சயமில்லாவிட்டால் சுவரில் மாட்டுவதற்கென்று மட்டும் வாங்குங்கள்.

இனிச் சாப்பாட்டுக்கு வருவோம். பசியோடு தெருவில் நடக்கும்போது 'தாக்கோஸ் ஆரபெஸ்' என்று ஒரு பலகை கண்ணில் படும். அரபுத் தாக்கோ! பக்கத்தில் ஷவர்மா போலவே நின்று சுழலும் இறைச்சிக் கோபுரம், நம்முடைய ரொட்டி மாதிரியே மெல்லிய ரொட்டி. அப்பாடா, கடைசியில் நம்மவர் கடை என்று மனம் குளிரும். கையை நீட்டிவிடாதீர்கள்! அது பன்றியிறைச்சி. 1930களில் மத்திய கிழக்கிலிருந்து வந்து குடியேறியோர் தொடங்கிய பண்டம் இது. ஆரம்பத்தில் ஆட்டிறைச்சிதான். வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் என்பதால் நாட்டுக்கேற்பப் பன்றிக்கு மாறுவதில் அவர்களுக்குத் தடையேதும் இருக்கவில்லை. பெயர் மட்டும் அரபாகவே நின்றுவிட்டது. நாடெங்கும் பிரபலமான 'அல் பஸ்தோர்' தாக்கோவும் இதன் வழிவந்ததுதான். அதுவும் பன்றியே.

இறைச்சியை ஒதுக்கினால் மட்டும் போதாது. அவித்துப் பிசைந்து தாளித்த போஞ்சி விதையிலும், 'தமால்' என்ற சோளக் கொழுக்கட்டையிலும், சில பாண் வகைகளிலும் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பது வழக்கம். கொழுப்புக்கு 'மன்தேக்கா', பன்றிக்கு 'செர்தோ'. இந்த இரண்டு சொல்லையும் மனனம் செய்துகொள்ளுங்கள். சொக்லேற்றும் மிளகாயும் எள்ளும் சேர்த்து அரைத்த 'மொலே' குழம்பு புவெப்லாவின் பெருமை. அதிலும் கொழுப்பு இருக்கக்கூடும். பயமில்லாமல் சாப்பிடக்கூடியது சோளத் தோர்த்தியா. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்து அரைத்துத் தட்டி, வெறும் தட்டில் சுடுவது. அதோடு முட்டை, அவகாடோ, பழங்கள். இனிப்புக்கு வத்தாளங்கிழங்கும் சீனியும் சேர்த்துச் செய்த 'கமோத்தே'. மெக்சிக்கோ நகரில் ஹலால் கடைகள் சில உண்டு. புறப்படுமுன் அங்கிருந்து ஒரு பார்சலைக் கட்டிக்கொண்டு வருவதே நிம்மதி. உறைப்பு இல்லையே என்ற கவலை மட்டும் வேண்டாம். மிளகாய் பிறந்த மண்ணே அதுதான்!

தொழுகைக்குக் கிப்லா அங்கே வடகிழக்கு. நம்மைப்போல் மேற்குப் பக்கம் திரும்பிவிடாதீர்கள். முக்காட்டைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பார்களோ என்றும் தயங்க வேண்டாம். சந்தையில் மரக்கறி விற்கும் முதிய பெண்கள் பலர் 'ரெபோஸோ' என்ற நீண்ட சால்வையால் தலையை மூடியிருப்பதைக் காண்பீர்கள்.

வழிகாட்டியிடம் கேட்க இன்னும் ஒரு பெண்ணின் பெயரைத் தருகிறோம். மீர்ரா. இந்தியாவில் பிறந்தவள். சிறுமியாக இருந்தபோது போர்த்துக்கேயக் கடற்கொள்ளையர் அவளைப் பிடித்துச் சென்றார்கள். மணிலாவில் அடிமையாக விற்கப்பட்டுக் கப்பலேறி, 1620 அளவில் புவெப்லாவுக்கு வந்து சேர்ந்தாள். கத்தரினா என்று பெயர் மாற்றினார்கள். மொகலாய அரச குடும்பத்தாள் என்று பின்னாளில் கதை கட்டினார்கள். அது எவ்வளவு தூரம் மெய்யோ, நம்புவது கடினம். 1688 இல் இறந்தபோது நகரமே திரண்டு அவளுக்கு மரியாதை செய்தது. இயேசு சபையாரின் தேவாலயத்தில் அடக்கினார்கள். ஒவ்வொரு கடையிலும் தொங்கும் பளபளப்பான பாவாடைக்குச் 'சீனா பொப்லானா' என்று பெயர். அவளுக்கும் அந்த உடுப்புக்கும் உண்மையில் தொடர்பேதும் இல்லை என்றே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் பாவாடை விற்கிறவர்கள் அவள் பெயரைச் சொல்லித்தான் விற்கிறார்கள்.

கடைசியாக, நேரக் கணக்கு. ஒரு பகலுக்குள் இரண்டு ஊரென்பது உண்மையில் இறுக்கம். அதிலும் வழிகாட்டி தரகு கிடைக்கும் கடைகளில் முக்கால் மணித்தியாலம் நிறுத்திவிடுவார். காசு கட்டுமுன் மூன்று விடயம் கேளுங்கள்: நுழைவுக் கட்டணம் சேர்த்தியா, சாப்பாடு சேர்த்தியா, எத்தனை கடையில் நிறுத்துவீர்கள். திங்கட்கிழமை நூதனசாலைகள் பெரும்பாலும் பூட்டு. ஞாயிற்றுக்கிழமை சனம் அதிகம். செவ்வாய் முதல் வெள்ளி வரை ஏதாவதொரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் வேன் மறுபடியும் கணவாய் ஏறும்போது பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். வாங்கிய ஓட்டைப் பெட்டிக்குள் வைக்காமல், கம்பளிச் சட்டையில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதையில் குலுக்கல் அதிகம்.