பவளம் சுருங்கினால் பதறாதீர்கள், அளந்து பாருங்கள்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. காலையில் அதிலுள்ள ஹேமர் பவளத்தைப் பார்த்துவிட்டுத்தான் எனக்குக் காபி. நுனி சுத்தியல்போல் வளைந்த பச்சைக் கைகள், நீரோட்டம் போகும் பக்கமெல்லாம் மெல்ல அசைந்துகொண்டிருக்கும். போன ஏப்ரலில் ஒரு நாள் அந்தக் கைகள் அத்தனையும் உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தன. மறுநாளும் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் சதை விளிம்பு விலகி, நகக்கண் அகலத்துக்கு வெள்ளை எலும்பு தெரிந்தது.

பதறிப்போய் விளக்கின் வெளிச்சத்தைக் குறைத்தேன், நீர்த்தள்ளியைத் திருப்பி வைத்தேன், கடைக்குப் போய் இரண்டு புட்டி ஊட்ட மருந்து வாங்கி வந்து ஊற்றினேன். எல்லாம் ஒரே நாளில். அடுத்த வாரம் பக்கத்திலிருந்த சோவாந்திட் பவளக் கூட்டமும் மூடிக்கொண்டது. கடைசியில் கண்டுபிடித்த காரணத்துக்கும் நான் செய்த மூன்று வேலைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பவளம் ஓர் உயிருள்ள பிராணி. அதன் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒளியைக் கொண்டு அவை சமைக்கும் உணவுதான் பல பவளங்களுக்கு முதல் சாப்பாடு. எனவே தண்ணீர், ஒளி, வெப்பம் எதில் பிசகினாலும் இரண்டு உயிர்களுக்கும் சேர்ந்தே சிரமம் வரும். வெளியே முதலில் தெரியும் அடையாளம் மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்: சுருங்கிக்கொள்வது. அடையாளத்தைப் பார்த்து மருந்து ஊற்றக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

வாடலெல்லாம் நோயாகாது

காளான் குடைபோல் விரியும் லெதர் பவளம் அவ்வப்போது மூடிக்கொண்டு, மேலே மெழுகு பூசியதுபோல் மங்கிவிடும். ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம்கூட அப்படியே இருக்கும். பிறகு அந்த மெழுகுத் தோல் ஏடாக உரிந்து நீரில் போகும், உள்ளிருந்து புது முகத்தோடு விரியும். இதைச் செத்துவிட்டதென்று எடுத்து எறிந்தவர்களை எனக்குத் தெரியும். நீரோட்டத்தைக் கொஞ்சம் கூட்டினால் தோல் சீக்கிரம் உரியும், அவ்வளவுதான் வைத்தியம்.

புதிதாக வாங்கி வந்த பவளம் சில நாள் சுருங்கியே இருப்பதும் இயல்பு. கவலைப்பட வேண்டியது மூன்றைக் கண்டால்: சதை விலகி எலும்பு தெரிவது, நிறம் நாளுக்கு நாள் வெளுப்பது, பழுப்புச் சளி படர்வது.

முதலில் உப்பு

என் தொட்டியில் நடந்தது இதுதான். உப்பை அளக்க நான் வைத்திருப்பது ஒளிவிலகல்மானி. கண்ணருகே வைத்து வெளிச்சத்தைப் பார்த்தால் நீலக்கோடு எண்ணில் நிற்கும். வாரம் தவறாமல் பார்ப்பேன், கோடு 35இல்தான் நின்றது. ஆயிரம் பங்கு நீரில் 35 பங்கு உப்பு என்பது கடலின் அளவு, குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்தாவது நாள் நண்பர் ஒருவர் 35க்கென்றே தயாரித்த அளவுத்திட்டக் கரைசல் கொண்டுவந்தார். மானியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தோம். கோடு 31இல் நின்றது. அப்படியானால் தொட்டியில் 35 என்று நான் நம்பிக்கொண்டிருந்தது உண்மையில் 39. மானி பிசகிய நாளிலிருந்து ஒவ்வொரு வாரமும் நீர் மாற்றும்போது, நானேதான் உப்பைக் கூட்டிக் கூட்டி ஊற்றியிருக்கிறேன்.

அதுவரை நான் சுத்த நீரில் பூச்சியம் காட்டுகிறதா என்று மட்டும் சரிபார்த்து வந்தேன். அது போதாது. பூச்சியத்தில் சரியாக நிற்கும் மானி 35இல் தவறலாம். மாதம் ஒரு முறை அளவுத்திட்டக் கரைசலில் பாருங்கள். ஒரு புட்டி பல மாதம் வரும்.

உப்பு ஏறியிருந்தால் ஒரே நாளில் இறக்கிவிடக்கூடாது. தினம் கொஞ்சம் தொட்டி நீரை எடுத்துவிட்டு, அதே அளவு வடிகட்டிய நன்னீரை ஊற்றி, நாளுக்கு ஒரு பங்குக்கு மேல் போகாமல் இறக்கினேன். ஐந்தாம் நாள் காலை சோவாந்திட்கள் விரிந்தன. ஹேமருக்கு மூன்று வாரம் ஆயிற்று.

எங்கள் ஊர் வெக்கையில் பலர் தொட்டிமேல் மின்விசிறி வைக்கிறோம். வெப்பம் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், நல்ல முறைதான். ஆனால் நீர் வேகமாக ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்ததை ஈடுகட்ட உப்புநீர் ஊற்றாதீர்கள், நன்னீர்தான் ஊற்ற வேண்டும். அதுவும் குழாய் நீர் ஆகாது. இங்கே குழாய் நீரைக் கிருமி நீக்கக் குளோரமைன் சேர்க்கிறார்கள், எந்த ஊர்க் குழாயிலிருந்தும் செம்பு கரைந்து வரலாம். மீன் நோய்க்கு விற்கும் செம்பு மருந்தும் பவளத்துக்கு எமன்.

ஏறி இறங்கும் காரத்தன்மை

கல் பவளங்கள் எலும்பு கட்டக் கால்சியத்தையும் கார்பனேட்டையும் நீரிலிருந்து எடுக்கின்றன. கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், மக்னீசியம் 1250 முதல் 1350 என்றிருந்தால் போதும். மக்னீசியம் குறைந்தால் கால்சியமும் கார்பனேட்டும் நிலைக்காது. கால்சியமும் மக்னீசியமும் மெதுவாக மாறுபவை.

கார்பனேட்டின் அளவைக் காட்டும் காரத்தன்மை அப்படி அல்ல. அதை டிகேஹெச் என்ற அலகில் சொல்வார்கள், கடலில் ஏறக்குறைய 7. தொட்டியில் 7 முதல் 11 வரை எந்த எண்ணிலும் பவளம் வாழும், ஆனால் அந்த எண் நிற்க வேண்டும். இன்று 7, நாளை 10 என்று குதித்தால் அக்ரோபோரா என்ற கல் பவளத்தின் வளரும் நுனிகள் கருகினாற்போல் வெளுக்கும். நாளுக்கு 1க்கு மேல் மாற்றாதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு நாள் எண்ணைவிடப் பத்து நாள் எண்களின் போக்குதான் காரணத்தைக் காட்டிக் கொடுக்கும்.

அளவுக்கு மீறிய சுத்தம்

இன்றைக்குப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் அழுக்கைவிடச் சுத்தத்தால்தான் அதிகம் கெடுக்கிறார்கள் என்பது என் எண்ணம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூச்சியமாக வேண்டும் என்று வடிகட்டிமேல் வடிகட்டி வைக்கிறார்கள். பவளத்துக்குள் இருக்கும் பாசிக்கும் சாப்பாடு வேண்டாமா? நைட்ரேட் லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 இருக்கட்டும். இரண்டும் பூச்சியத்தில் கிடந்தால் பவளம் வெளிறும். மணல்மேல் குமிழி கோத்த பழுப்பு நூல்போல் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்ற நுண்ணுயிர்கள் படர்ந்து, அவற்றை ஒழிப்பதே மாதக்கணக்கில் வேலையாகிவிடும்.

ஒளி அதிகமானாலும் வெளிறும், குறைந்தால் பழுப்பேறும். புது விளக்கு மாட்டினால் பாதி வெளிச்சத்தில் தொடங்கி, பல வாரமாகக் கூட்டுங்கள்.

இரவில் ஒரு முறை பாருங்கள்

பகலில் சாதுவாக இருக்கும் கேலக்சியா பவளம், இரவில் கண்ணாடி நூல்போன்ற கொடுக்குக் கைகளைச் சாண் நீளத்துக்கு நீட்டிப் பக்கத்துப் பவளத்தைச் சுட்டுவிடும். ஒரே பக்கம் மட்டும் சதை கரைந்தால் சிவப்பு டார்ச் வைத்து இரவு பத்து மணிக்குப் பாருங்கள். மென் பவளங்கள் வேதிப்பொருளை நீரில் விட்டுச் சண்டை போடும். அதற்குக் கிளர்வூட்டிய கரித்தூள் வடிகட்டி உதவும்.

உடனே கை வைக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹேமர், டார்ச் பவள வகைகளில் அழுகல் நாற்றத்தோடு பழுப்புக் கூழ் படர்ந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். பவளத்தை வாளியில் இறக்கித் தொட்டிக்கு வெளியே கூழைக் கழுவுங்கள், நல்ல தலைகளை வெட்டிப் பிரித்துவிடுங்கள்.

உங்கள் மூச்சும் கையும்

சோவாந்திட், பாலிதோவா வகைகளில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற நஞ்சு உண்டு. 1971இல் ஹவாய்த் தீவுகளின் பாலிதோவா ஒன்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்த செய்தி வெளியானது. நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் புரதத்தை, அது திறந்த ஓட்டையாக மாற்றிவிடுகிறது. அமெரிக்காவின் அலாஸ்காவில் 2012 முதல் 2014க்குள், இந்தப் பவளங்களைக் கையாண்ட கடையிலும் வீடுகளிலும் நச்சு மூச்சில் ஏறியதாகக் கருதப்பட்ட சம்பவங்களை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2015இல் பதிவு செய்தது.

வெந்நீரில் இந்த நஞ்சு எளிதில் அழியாது. வேண்டாத சோவாந்திட்டை ஒழிக்கக் கல்லைக் கொதிக்க வைப்பதும், வெந்நீர் ஊற்றுவதும், வெளியே எடுத்துப் பிரஷ்ஷால் தேய்ப்பதும் கூடவே கூடாது. ஆவியிலும் தெறிக்கும் துளியிலும் நஞ்சு ஏறும். வெட்ட வேண்டுமானால் நீருக்கடியில், கையுறையும் கண்ணாடியும் போட்டு, பிள்ளைகளையும் நாயையும் அறையை விட்டு அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். வாயில் உலோகச் சுவை, காய்ச்சல், இருமல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் வீட்டிலுள்ள எல்லோரும் உடனே வெளியேறி மருத்துவமனைக்குப் போங்கள். முறிமருந்து கிடையாது, ஆதரவுச் சிகிச்சைதான். சோவாந்திட் பவளத்தைக் கையாண்டதாக மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

இன்னொன்று மெதுவாக வரும். நண்பர் ஒருவர் கல்லை நகர்த்தும்போது விரல் முட்டியில் சின்னக் கீறல். மூன்று வாரம் கழித்துச் சிவந்த முடிச்சு ஒன்று எழுந்தது. வழக்கமான களிம்பில் அடங்காமல், மணிக்கட்டை நோக்கி இன்னொரு முடிச்சும் வந்தது. இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் மீன் தொட்டி இருக்கிறதா?" மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி அது, காசநோய்க் கிருமிக்கு உறவு. உடல் வெப்பத்தைவிடக் குளிர்ச்சியான 30 டிகிரியளவில் நன்றாக வளர்வதால் கை, கால்களில்தான் பெரும்பாலும் தங்குகிறது. ஆய்வகத்திலும் அந்த வெப்பத்தில் வளர்த்தால்தான் பிடிபடும், எனவே தொட்டி இருப்பதை மருத்துவரிடம் நாமே சொல்லிவிட வேண்டும். நண்பருக்கு நான்கு மாதம் மாத்திரை தேவைப்பட்டது. இப்போது அவர் தொட்டிப் பக்கத்தில் முழங்கை வரை வரும் கையுறை ஒன்று கொக்கியில் தொங்குகிறது. கையில் கீறல் இருக்கும் நாளில் தொட்டி வேலையை அவர் மகன் செய்கிறான், அதே கையுறையோடு.