மெனுவை மறைத்தால் தரவு பாதுகாப்பாகிவிடுமா?

ஒரே மென்பொருளில் நூறு பேர் வேலை செய்யும் நிறுவனத்தில், ஒருவருடைய சம்பள விவரத்தை மற்றவர் பார்க்க முடியாதா என்று கேட்டால், “அவருக்கு அந்த மெனுவே வராது” என்பார்கள். இந்தப் பதிலை நம்பி இருந்துவிடக் கூடாது. 1988இல் ஐபிஎம் கொண்டுவந்த ஏஎஸ்/400 என்ற வணிகக் கணினி அமைப்பு, இன்று ஐபிஎம் ஐ என்ற பெயரில் பல நிறுவனங்களின் கணக்குகளைத் தாங்கி நிற்கிறது. அதில் புதிதாக உருவாக்கும் கோப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம் என்பதுதான் ஐபிஎம் அமைத்துத் தரும் ஆரம்ப நிலை. நிர்வாகி அதை மாற்றாமல் விட்டிருந்தால், மெனு வராத ஊழியரும் தன் லாகினைக் கொண்டு எக்செல் வழியாக முழுக் கோப்பையும் இறக்கிவிடலாம். மெனு தடுப்பது திரையை மட்டுமே.

இன்னொரு ஓட்டை கண்ணுக்கு எளிதில் தெரியாது. இந்தக் கணினியில் ஒவ்வொரு ஜாபுக்கும், அதாவது கணினி நடத்தும் ஒவ்வொரு பணிக்கும், தற்காலிகக் கோப்புகளை வைக்க கியூடெம்ப் என்ற தனி லைப்ரரி உண்டு. ஜாப் முடிந்ததும் அதிலுள்ளவை அழிந்துவிடும். ஆளுக்கொரு ஜாப் என்றிருந்த காலத்தில் இதுவே போதுமான வேலி. வெப் அப்ளிகேஷன் வந்தபின், திறந்தே வைத்த சில இணைப்புகளை அத்தனை பேரும் மாறி மாறிப் பயன்படுத்துகிறார்கள். ஜாப் முடிவதே இல்லை. முன்னவர் விட்டுச்சென்ற தற்காலிகக் கோப்பும், நிரலின் நினைவில் தங்கிய எண்ணும் அடுத்தவருக்குப் போய்ச் சேரலாம். இது வெறும் கற்பனை பயம் அல்ல. 2023 மார்ச்சில் சாட்ஜிபிடி பயனர்கள் சிலருக்குப் பிறருடைய உரையாடல் தலைப்புகள் தெரிந்ததற்கு, இப்படிப் பகிரப்பட்ட இணைப்பில் நேர்ந்த கோளாறுதான் காரணம்.

பழைய நிரல்களைத் திருத்த ஆளும் பணமும் இல்லை என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் 2014இல் வந்த ஐபிஎம் ஐ 7.2 பதிப்பிலிருந்து, யார் கோப்பின் எந்த வரிசையைப் பார்க்கலாம் என்ற விதியை டேட்டாபேஸிலேயே எழுதலாம். பெரும்பாலும் நிரலைத் தொட வேண்டியதில்லை. எல்லா அதிகாரமும் பெற்ற நிர்வாகியையும் அந்த விதி கட்டுப்படுத்தும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: வெப் அப்ளிகேஷன் எல்லோருக்கும் ஒரே லாகினில் உள்ளே நுழைந்தால், அந்த விதிக்கு எல்லோரும் ஒரே ஆள்தான். உண்மையான பயனர் யார் என்பதை டேட்டாபேஸுக்குச் சொல்லியாக வேண்டும்.

“மென்பொருள் செய்துகொடுத்தவரின் பொறுப்பு” என்று கைகழுவவும் வழியில்லை. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்பந்தம் என்ன சொன்னாலும் தரவைப் பெற்ற நிறுவனமே பொறுப்பு என்கிறது. பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். தரவு கசிந்தால் காதும் காதும் வைத்தாற்போல் மூடி மறைக்கவும் முடியாது. பாதிக்கப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவித்தாக வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. உங்கள் திரையில் வேறொருவரின் பில் தெரிந்தால் நாள், நேரத்தைக் குறித்துக்கொண்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அந்த பில்லை யாருக்கும் அனுப்பாதீர்கள். கசிந்தது உங்கள் விவரமாக இருந்து, நிறுவனத்திடம் முறையிட்டும் தீர்வு கிடைக்காவிட்டால், அந்த 18 மாத அவகாசம் முடிந்தபின் வாரியத்தை அணுகலாம்.