கடைசி ஆளுக்குப் பணம் வராதது ஏன்? உப ஒப்பந்தப் படிவம் சொல்லும் பதில்

மாத்தளை மாவட்டத்தில் அம்பன் கங்கையை மறித்து நிற்கும் மொரகஹகந்த அணைக்குக் கடன் கொடுத்தது சீன அபிவிருத்தி வங்கி. கட்டியது சினோஹைட்ரோ நிறுவனம். அந்த நீரை வடமத்திய மாகாணத்தையும் தாண்டி வடக்கு வரை கொண்டுசெல்வதாக மகாவலித் திட்டம் சொல்கிறது.

இத்தகைய பெருந்திட்டங்களை ஒரே நிறுவனம் தனித்துச் செய்து முடிப்பது அரிது. மண் வெட்டு, கருங்கல், கம்பி கட்டு, லொறி என்று வேலை பிரிந்து உப ஒப்பந்தகாரர்களிடம் போகும். அவர்களிடமிருந்து சிறு கொந்தராத்துக்காரருக்கும், அவரிடமிருந்து மேசனுக்கும் கூலியாளுக்கும் இறங்கும். போருக்குப் பின் கட்டட வேலையை நம்பி எழுந்த குடும்பங்கள் பல இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில்தான் நிற்கின்றன. மேலே பணம் நின்றால் முதலில் காய்வது அவர்களின் அடுப்பு.

சர்வதேசக் கட்டுமானத்தில் பெரிதும் பயன்படுபவை, 1913இல் தொடங்கப்பட்ட 'பிடிக்' என்ற பொறியியல் ஆலோசகர் சம்மேளனத்தின் படிவங்கள். அதன் 'சிவப்பு நூல்' உரிமையாளருக்கும் பிரதான ஒப்பந்தகாரருக்கும் இடையிலானது. அதனுடன் சேர்த்துப் பயன்படுத்த 1994இலும் 2011இலும் உப ஒப்பந்தப் படிவங்கள் வெளிவந்தன. அவற்றில் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பிரதான ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் உப ஒப்பந்தகாரருக்கு முழுமையாகத் தெரியும் என்றே படிவம் எடுத்துக்கொள்கிறது. படிக்கவில்லை என்று பின்னர் சொல்ல முடியாது. ஆனால், விலை விபரம் நீங்கலாக அதைப் பார்வையிடும் உரிமை அவருக்கு உண்டு. கையொப்பமிடும் முன்னரே அதைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, கால எல்லை. மேலதிகச் செலவோ தாமதமோ ஏற்பட்டால், 1999 சிவப்பு நூலின்படி பிரதான ஒப்பந்தகாரர் 28 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். 2011 படிவத்தில் உப ஒப்பந்தகாரருக்கு உள்ளது 21 நாட்களே. அவரது கோரிக்கையைப் பிரதான ஒப்பந்தகாரர் உரிய காலத்தில் மேலே அனுப்புவதற்காகவே இந்த இடைவெளி. வாய்மொழியாகச் சொன்னது அறிவித்தல் ஆகாது.

மூன்றாவதுதான் மிகவும் கசப்பானது. உரிமையாளர் பணம் தராதபோது, உப ஒப்பந்தகாரருக்கான கொடுப்பனவை நிறுத்திவைக்கப் படிவம் இடமளிக்கிறது. 1994 படிவத்தில் இதற்கு ஒரு வரம்பு உண்டு: பிரதான ஒப்பந்தகாரரின் சொந்தத் தவறால் பணம் வராதிருந்தால் அதைச் சாட்டாகக் காட்ட முடியாது. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியதும், வெளிநாட்டுக் கடனில் நடந்த பல வேலைகள் நின்றுபோயின. அவ்வேளையில் இப்படியொரு வாசகத்துக்குக் கையொப்பமிட்டிருந்தவரின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

பிரித்தானியா 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், மேலே உள்ளவர் கடனிறுக்க வகையற்றுப்போகும் சந்தர்ப்பம் தவிர, இத்தகைய வாசகங்களைச் செல்லாதவை ஆக்கியது. சிங்கப்பூரும் 2004இல் அதற்கெனச் சட்டம் கொண்டுவந்தது. இலங்கையில் 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையை உருவாக்கியது. ஆனால் உப ஒப்பந்தகாரரின் கொடுப்பனவைக் காக்கும் அப்படியான தனிச் சட்டம் இங்கு இல்லை. ஆகவே கையில் உள்ள தாள்தான் பாதுகாப்பு.

அந்தத் தாளின் பெறுமதி சிறியதல்ல. வழக்குத் தொடுப்பதற்கான கால எல்லையை வகுக்கும் 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்து மூல ஒப்பந்தத்துக்குப் பொதுவாக 6 ஆண்டுகள் உண்டு. எழுத்தில்லாமல் செய்துகொடுத்த வேலைக்கான கூலியை ஓராண்டுக்குள் கேட்டுவிட வேண்டும். 'அடுத்த மாதம் தருகிறேன்' என்ற பேச்சை நம்பிப் பன்னிரண்டு மாதங்கள் காத்திருந்தவருக்கு நீதிமன்றக் கதவே மூடிவிடலாம்.

பெரிய படிவம் எதுவும் இல்லாத சிறு வேலையிலும் ஒரு தாள் போதும். என்ன வேலை, என்ன விலை, எத்தனை நாளில் பணம், மேலே பணம் வராவிட்டால் என்ன என்ற நான்கையும் விளங்கும் மொழியில் எழுதி, இருவரும் ஒப்பமிட்டு, ஒரு பிரதியை வீட்டில் வைத்திருங்கள். அளந்த வேலையின் விபரத்தையும் தினமும் ஒரு கொப்பியில் குறித்துவாருங்கள்.