ராத்திரி பார்சலுக்கு ஒரு கணக்கு!

"அய்யா, வயிறு எப்பப் பார்த்தாலும் மந்தமாவே இருக்குது. ஒரு சூரணம் கொடுத்தீங்கன்னா போதும்" என்றபடி வந்து உட்கார்ந்தார் அவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். கூடவே மனைவி. இருவருமே காலையில் பஸ் பிடித்து திண்டுக்கல்லுக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு சாணார்பட்டிக்குத் திரும்புகிறவர்கள். படிக்கிற பிள்ளைகள் இரண்டு.

நாடி பார்த்தேன். நாக்கை நீட்டச் சொன்னேன். "ராத்திரிக்கு என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தரையைப் பார்த்தார். "பாதி நாள் பார்சல்தாங்கய்யா. பரோட்டா, சால்னா, ஆம்லெட்... பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்குது."

ரத்தப் பரிசோதனை செய்து வரச் சொன்னேன். சர்க்கரை எல்லையைத் தாண்டியிருந்தது. இது இவர் ஒருவர் கதையல்ல. நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் துணை நின்று நடத்திய ஆய்வு 2023-ல் சொன்னது.

சூரணம் கொடுத்தேன். கூடவே ஒரு வீட்டுப் பாடமும் கொடுத்தேன். "ஒரு மாசத்துக்கு, பார்சல் வாங்குற அன்னிக்கெல்லாம் எவ்வளவு ஆச்சுன்னு காலண்டர்ல எழுதுங்க!"

காலண்டர் சொன்ன கணக்கு

அடுத்த மாதம் வந்தார்கள். பதினான்கு ராத்திரி பார்சல். ஒரு தடவைக்குச் சராசரி 300 ரூபாய். மொத்தம் 4,200 ரூபாய்!

"பையனோட டியூஷன் பீஸைவிட ஜாஸ்திங்கய்யா!" என்றார் அந்த அம்மா.

அதே நாலு பேருக்கு வீட்டில் தோசையும் சாம்பாரும் செய்தால் என்ன ஆகும்? அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மாவுக்கு அரிசி, உளுந்து 30 ரூபாய். சாம்பாருக்குப் பருப்பும் காயும் 40 ரூபாய். எண்ணெய், தாளிப்பு, கேஸ் எல்லாம் சேர்த்து 30 ரூபாய். ஆளுக்கொரு முட்டை வைத்தால் இன்னும் ஒரு 30 ரூபாய். கூட்டினால் 130 ரூபாய்தான். விலை ஊருக்கு ஊர் ஐந்து பத்து முன்னே பின்னே இருக்கலாம். ரேஷன் அரிசியும் பருப்பும் வாங்குகிறவர்களுக்கு இன்னும் குறையும். அப்படிப் பார்த்தால் பதினான்கு ராத்திரிக்கு மிச்சம் 2,380 ரூபாய்!

பார்சலில் நமக்குத் தெரியாதது

எல்லா ஓட்டலும் கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே எவ்வளவு எண்ணெய், எவ்வளவு உப்பு, எத்தனாவது தடவை காய்ந்த எண்ணெய் என்பது நமக்குத் தெரியாது. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது கெட்டு, உடம்புக்கு ஆகாத பொருள்கள் அதில் சேர்கின்றன. அவை 25 சதவிகிதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் சட்டமே இருக்கிறது. ஆனால் பொட்டலத்தைப் பிரிக்கிற நாம் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பரோட்டா மைதாவில் நார்ச்சத்து மிகக் குறைவு. சீக்கிரம் சர்க்கரையாக மாறும். அதை ராத்திரி ஒன்பதரை மணிக்கு நாலைந்து சாப்பிட்டு உடனே படுத்தால், சித்த மருத்துவம் சொல்கிற பசித்தீ மந்தப்படத்தானே செய்யும்?

உப்புப் பாக்கெட் சோதனை

"வீட்டுச் சாப்பாடு என்றாலே நல்லதுதானே டாக்டர்?" என்று கேட்பீர்கள். அப்படியும் சொல்ல முடியாது! அப்பளமும் ஊறுகாயும் வடையும் தினமும் போட்டால் வீடும் ஓட்டல்தான்.

அதற்கு ஒரு சுலபமான சோதனை. பெரியவர்கள் ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு சேர்க்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேருக்கு 20 கிராம். அதாவது ஒரு கிலோ உப்பு குறைந்தது 50 நாள் வர வேண்டும்! பாக்கெட்டைப் பிரிக்கிற அன்றே அதன் மேல் தேதி எழுதுங்கள். ஒரே மாதத்தில் தீர்ந்தால் கை தாராளமாகிவிட்டது என்று அர்த்தம். எண்ணெய்க்கும் இதே போல ஒரு கணக்கு உண்டு. நாலு பேருக்கு மாதம் இரண்டு, இரண்டரை லிட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படி அளந்து சாப்பிட வீட்டில்தான் முடியும்.

சமைக்க யாருக்குத் தெம்பு?

கணக்கெல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மா ஒரு வார்த்தை சொன்னார். "எல்லாம் சரிங்கய்யா. நானும் அவரு கூடத்தான வேலைக்குப் போயிட்டு வர்றேன். வந்ததும் அடுப்புல நிக்க காலு வரமாட்டேங்குது."

நியாயமான பேச்சு! பார்சல் வீட்டுக்குள் நுழைவது நாக்கு ருசியால் மட்டுமல்ல, ஒருத்தியின் அலுப்பாலும்தான். அதைத் தீர்க்காமல் 'வீட்டில் சமையுங்கள்' என்று நான் உபதேசம் செய்தால், அந்த அம்மா என்னிடம் மூட்டு வலிக்கு எண்ணெய் கேட்டு வந்து நிற்பார்.

அதனால் கணவருக்கு இன்னொரு மருந்து சொன்னேன். "தினமும் வெங்காயம் உரிச்சு, காய் நறுக்கிக் கொடுக்கணும். பாத்திரம் உங்க பொறுப்பு." அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்த நாட்களில், கையில் காசில்லாமல் நாலு மாணவர்கள் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டோம். ஆம்பிளை கையால் ரசம் வைத்தால் கொதிக்காதா என்ன?

முதல் நாள் சமைத்த கறியை மறுநாள் உண்ணக் கூடாது என்பது தேரையர் சொன்ன நோய் அணுகா விதிகளில் ஒன்று. எனவே ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துக்கும் குழம்பு வைத்து ஃபிரிட்ஜில் அடைக்காதீர்கள். சமைத்ததை அல்ல, சமைப்பதற்கு முந்திய வேலையைச் சேமியுங்கள். இட்லி மாவு, ரசப் பொடி, பருப்புப் பொடி, வறுத்த கடலை, முளைகட்டிய பயறு இவை தயாராக இருந்தால் ராத்திரிச் சமையல் அரை மணி நேரம்தான்.

ஐந்து ராத்திரி, ஐந்து சமையல்

திங்கள்: இட்லி, கத்தரிக்காய் போட்ட பாசிப்பருப்பு சாம்பார்.

செவ்வாய்: கம்பு தோசை, நிலக்கடலைச் சட்னி. ஊறிய கம்பை அரைத்து இட்லி மாவில் கலந்தால் போதும்.

புதன்: பாதிக்குப் பாதி காய்கறி போட்ட கோதுமை ரவை உப்புமா, அவித்த முட்டை.

வியாழன்: சோறு, கொள்ளு ரசம், சுரைக்காய்க் கூட்டு. கொள்ளு உஷ்ணம். சூட்டு உடம்புக்காரர்கள் அளவோடு சேர்க்கவும்.

வெள்ளி: இஞ்சி, சீரகம் சேர்த்த பாசிப்பயறு தோசை, தக்காளிச் சட்னி. மாங்காய்க் காலத்தில் நம்ம பக்கத்து மாங்காயிலேயே சட்னி அரைக்கலாம்.

கீரையும் தயிரும் பகலுக்கு இருக்கட்டும். ராத்திரி மோர் வேண்டுமானால் தண்ணீர் நிறைய விட்டுக் குடியுங்கள். எட்டு மணிக்குள் சாப்பிட்டு முடிப்பது நல்லது. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறுக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டு உணவை மாற்றுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

'அப்போ பிரியாணியே கிடையாதா?' என்று முகம் சுளிக்காதீர்கள். திண்டுக்கல் சீமையில் இருந்துகொண்டு பிரியாணியைத் திட்டினால் என்னை ஊருக்குள் விடமாட்டார்கள்! மாதம் ஒரு தடவை மதியத்தில், குடும்பத்தோடு உட்கார்ந்து அளவோடு சாப்பிடுங்கள். அன்று ராத்திரிக்கு ரசம் சோறு போதும்.

மூன்று மாதம் கழித்து அந்தத் தம்பதி வந்தார்கள். மந்தம் போயிருந்தது. சர்க்கரையும் இறங்கியிருந்தது. மாத்திரையும் நடையும் கூட உதவின. எல்லாப் புகழையும் அடுப்படிக்கே கொடுக்க மாட்டேன். கிளம்பும்போது அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "இப்பல்லாம் அவரே பயறு ஊறப் போடுறாருங்கய்யா."

நான் கொடுத்த சூரணத்தைவிட அதுதான் நன்றாக வேலை செய்திருக்கிறது என்று நினைக்கிறேன்!