‘மாற்றம் எதுவும் இல்லை’

கலிஃபோர்னியாவின் பிஷப் நகரை ஒட்டி, எரிமலைச் சாம்பல் இறுகிக் கல்லான மேட்டுநிலம் ஒன்று உண்டு. அங்குள்ள பாறைச் செதுக்கல்கள் பையூட் பழங்குடியினருக்குப் புனிதமானவை. 2012இல் ஏணி, ஜெனரேட்டர், மின்ரம்பம் சகிதம் வந்த யாரோ, அவற்றில் ஐந்தை அறுத்து எடுத்துப் போனார்கள். சில மாதங்களில், அநாமதேயக் கடிதம் ஒன்றின் புண்ணியத்தில் ஐந்தும் கிடைத்துவிட்டன. கிடைத்து என்ன செய்ய? பாறை பழையபடி ஆகாது.

பாலைவனப் பாறைகளின் மேல் முடியைவிட மெல்லிய ஒரு கரும்படலம் படிந்திருக்கும். ‘டெசர்ட் வார்னிஷ்’ என்பார்கள். களிமண்ணோடு இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகள் கலந்த பூச்சு அது. பழங்கால மனிதர்கள் கல்லால் கொத்தி இந்தக் கருந்தோலை உரித்தார்கள். உள்ளிருந்த வெளிர்நிறம் ஆடாகவும் சுருளாகவும் மனித உருவாகவும் தெரிந்தது. உரித்த இடத்தில் படலம் மறுபடி வளரும், ஆனால் ஆயிரம் ஆண்டுக்குச் சில மைக்ரோமீட்டர் என்ற கணக்கில். அதனால்தான் ஒரே பாறையில் கருத்துப்போன செதுக்கலைப் பழையது என்றும், வெளுப்பாக இருப்பதைப் பிந்தியது என்றும் ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள்.

காற்றில் வரும் தூசியில் மாங்கனீசு சொற்பம், படலத்திலோ ஏராளம். எங்கிருந்து வந்தது? 2021இல் வெளியான ஓர் ஆய்வு குரோகாக்சிடியாப்சிஸ் என்ற நுண்ணுயிரியைக் கைகாட்டியது. சுட்டெரிக்கும் வெயிலின் பாதிப்பிலிருந்து தப்ப அது மாங்கனீசை உடலில் சேர்த்து வைக்கிறதாம். அது செத்தபின் எஞ்சும் மாங்கனீசு படலத்தில் சேர்கிறதாம்.

இன்று இந்தப் பாறைகளில் சாவியால் காதலி பெயரைக் கீறுகிறவரும், பார்க்கப்போனால், அதே பழைய உத்தியைத்தான் கையாளுகிறார். ஸ்ப்ரே பெயின்ட்டையாவது பயிற்சி பெற்றவர்கள் ஓரளவு அகற்றலாம். கீறலை எப்படி அகற்றுவது? எனவே, முன்கூட்டிக் காப்பதுதான் வழி.

அரிசோனா, நெவாடா மாநிலங்களில் அந்த வேலையைத் தன்னார்வலர்கள் செய்கிறார்கள். பயிற்சிக்குப் பின் ஆளுக்கு ஓர் இடம் ஒப்படைக்கப்படும். அவ்வப்போது அங்கே போய், அதே கோணத்தில் படம் எடுத்து, அறிக்கை தர வேண்டும். தொடக் கூடாது, துடைக்கக் கூடாது, யாராவது கிறுக்கிக்கொண்டிருந்தால் சண்டைக்கும் போகக் கூடாது. தகவல் சொன்னால் போதும். பெரும்பாலும் ‘மாற்றம் எதுவும் இல்லை’ என்று எழுதும் சலிப்பான வேலை. ஆனால் சேதம் எந்த நாட்களுக்குள் நேர்ந்தது என்று காட்டுவது அந்தச் சலிப்பான வரிதான். அமெரிக்காவின் 1979ஆம் ஆண்டுத் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டப்படி வழக்குத் தொடுக்கும்போது அதன் அருமை தெரியும்.

இத்தகைய இடங்கள் எங்கே உள்ளன என்பதை ரகசியமாக வைக்கவும் அதே சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் செல்பி எடுத்து இடக்குறியோடு பதிவேற்றும் காலத்தில் ரகசியம் எத்தனை நாள் தாங்கும்? லாஸ் வேகஸ் நகரின் ஓரத்திலுள்ள ஸ்லோன் பள்ளத்தாக்கில் 300க்கும் மேற்பட்ட பாறைகளில் சுமார் 1,700 உருவங்கள் இருக்கின்றன. நகரம் அதன் வாசல்வரை வளர்ந்துவிட்டது. அப்படிப்பட்ட இடத்தை மறைப்பதைவிட, ஒழுங்காகப் பார்க்க வருகிறவர்களுக்குத் திறந்துவைத்து ஆள் நடமாட்டத்தையே காவலாக்குவது மேல் என்பேன். மறைவாகக் கிடக்கும் மற்ற இடங்களுக்கு அந்தக் காவல் கிடையாது. தன்னார்வலர் போனால்தான் உண்டு.