கணினியின் நுழைவுத் திரையும் மூன்று கடிகாரங்களும்

மலருக்குக் கணினி பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று குழுவினர் கேட்டபோது, யூனிகோடு, எழுத்துரு என்று பெரிய விஷயமாக எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, எங்கள் மேல்மாடியில் இருக்கும் மாமாவுக்கு நேர்ந்ததை எழுதினால் நம் வீடுகளில் பத்துப் பேருக்காவது உடனே பயன்படும் என்று தோன்றியது. விஷயம் மிகச் சிறியது. பாஸ்வேர்டு கேட்கும் திரை எத்தனை நேரம் வெளிச்சமாக இருக்க வேண்டும் என்பதுதான்.

மாமா மத்திய அரசு வேலை கிடைத்து 1968இல் ஜி.டி. எக்ஸ்பிரஸில் டெல்லிக்கு வந்தவர். பேரக் குழந்தைகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். கும்பகோணம் பக்கத்துச் சொந்த ஊரை இரண்டு மூன்று முறை பார்த்ததோடு சரி. அவர்களுக்காகக் குடும்பக் கதையைத் தமிழில் தட்டச்சு செய்யத் தொடங்கினார். கையில் நடுக்கம் உண்டு. ஒரு பக்கம் முடிக்க ஒரு காலைப் பொழுது ஆகும். எழுந்து போகும்போது விண்டோஸ் விசையையும் 'எல்' விசையையும் சேர்த்து அழுத்திக் கணினியைப் பூட்டிவிட்டுப் போகச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். அந்த விதத்தில் பின்னால் நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

ஒருநாள் காலை டிபன் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். விசையைத் தட்டினார், பாஸ்வேர்டு கேட்டது. பாஸ்வேர்டு எழுதிய டைரி அலமாரியில், மூக்குக் கண்ணாடி சாப்பாட்டு மேஜையில். இரண்டையும் எடுத்துக்கொண்டு திரும்பினால் திரை கறுப்பு. கணினி அணைந்துவிட்டது என்று நினைத்து, பெரிய பொத்தானை அழுத்திப் பிடித்தார். அப்போதுதான் நிஜமாகவே அணைந்தது. சாதாரண நோட்பேடில் சேமிக்காமல் வைத்திருந்த ஆறு பக்கம் போயிற்று. "செத்துப் போச்சு தம்பி, அதோட என் தாத்தாவும் போயிட்டார்" என்றார். அந்த ஆறு பக்கமும் அவருடைய தாத்தா பற்றியது. ஒரு மாதம் அவர் கணினிப் பக்கமே போகவில்லை.

இதில் கணினி பழுதாகவில்லை, மாமாவும் தவறு செய்யவில்லை. விண்டோஸில் பூட்டிய திரைக்கென்று தனியாக ஒரு கடிகாரம் இருக்கிறது. யாரும் தொடாமல் 1 நிமிடம் ஆனதும் அது விளக்கை அணைத்துவிடும். இருபது வயதுப் பையனுக்கு 1 நிமிடம் தாராளம். கண்ணாடி தேடுகிறவருக்கு அது போதாது.

நம்மில் பலரும் தடுமாறும் இடம் இதற்கு அடுத்தபடி வருகிறது. மாமாவின் தங்கை மகன் கெட்டிக்காரப் பையன். அவன் வந்து செட்டிங்ஸில் 'பவர்' பகுதிக்குப் போய், திரை அணைய வேண்டிய நேரத்தை 'நெவர்' என்று வைத்தான். கணினி தூங்க வேண்டிய நேரத்தையும் 'நெவர்' ஆக்கினான். மறுநாளும் பூட்டிய திரை ஒரே நிமிடத்தில் கறுத்தது. "அப்போ பாஸ்வேர்டே வேண்டாம் மாமா" என்று சொல்லி அதையும் எடுத்துவிட்டான்! பென்ஷன் வரும் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை உலாவி நினைவில் வைத்திருந்த கணினி அது.

கணினிக்குள் கடிகாரம் ஒன்றல்ல, மூன்று. முதல் கடிகாரம், நாம் விலகிப் போன எத்தனை நேரத்தில் கதவு பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்கு. இரண்டாவது, பூட்டிய கதவின் வெளியே வாசல் விளக்கு எத்தனை நேரம் எரிய வேண்டும் என்பதற்கு. மூன்றாவது, இயந்திரமே எப்போது தூங்கப் போக வேண்டும் என்பதற்கு. முதலாவதை நீட்டினால் ஆபத்து, ஏனென்றால் நாம் இல்லாத நேரத்தில் வீடு திறந்து கிடக்கும். இரண்டாவதை நீட்டினால் ஒரு நஷ்டமும் இல்லை. கதவு பூட்டித்தான் இருக்கிறது. வாசல் விளக்கு எரிவதால் திருடன் உள்ளே வந்துவிட முடியாது. அந்தப் பையன் மூன்றாவதை நீட்டி, முதலாவதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இரண்டாவதைத் தொடவே இல்லை. தொட்டிருக்க முடியாது என்பதுதான் உண்மை, அதை விண்டோஸ் ஒளித்து வைத்திருக்கிறது.

ஏன் ஒளித்தார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்காத விஷயம். வெளியே கொண்டு வரும் வழியைச் சொல்கிறேன். கணினிப் பழக்கம் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ரெஜிஸ்ட்ரி எடிட்டர் என்ற நிரலைத் திறந்து, முதலில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இதை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது. பிறகு லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், பவர், பவர் செட்டிங்ஸ் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போனால் எண்ணும் எழுத்துமாக நீளப் பெயர் கொண்ட பல உறைகள் வரும். 7516 என்று தொடங்குவது திரைக்கு உரியது. அதற்குள் 8இசி4 என்று (எண், இரண்டு ஆங்கில எழுத்து, மறுபடி எண்) தொடங்கும் உறையைத் திறந்தால் வலப்பக்கம் 'ஆட்ரிபியூட்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதன் மதிப்பு 1. அதை 2 ஆக்க வேண்டும். வேறு எதையும் தொட வேண்டாம்.

இப்போது கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், நடப்புத் திட்டத்தின் அட்வான்ஸ்டு அமைப்புகளைத் திறந்து, 'டிஸ்ப்ளே' என்பதை விரித்தால், முன்பு இல்லாத 'கன்ஸோல் லாக் டிஸ்ப்ளே ஆஃப் டைம்அவுட்' என்ற வரி அங்கே உட்கார்ந்திருக்கும். பெயர்தான் நீளம், நம் வாசல் விளக்குதான் அது. அங்கே நிமிடக் கணக்கில் எண்ணைக் கொடுக்கலாம். லேப்டாப்பாக இருந்தால் மின்சாரத்தில் ஓடும்போது ஒன்று, பாட்டரியில் ஓடும்போது ஒன்று என்று இரண்டு எண் கேட்கும். மாமாவுக்கு 10 நிமிடம் வைத்தேன்.

கரன்ட் பில் ஏறுமே என்று மாமி கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன். மாமா வீட்டு மானிட்டர் ஏறத்தாழ 20 வாட். ஒரு தடவைக்கு 10 நிமிடம், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை என்று வைத்தாலும் மாதம் முழுவதற்கும் 1 யூனிட்தான். பழைய குண்டு மானிட்டர் காலத்தில் கதை வேறு. மின்சாரம் அதிகம் குடிக்கும் என்பது ஒருபுறம். ஒரே படம் மணிக்கணக்கில் நின்றால் கண்ணாடியின் உட்புறத்துப் பாஸ்பரில் அதன் தடம் நிரந்தரமாகப் பதிந்துவிடும். திரையில் எதையாவது ஓடவிடும் 'ஸ்கிரீன் சேவர்' அதற்காக வந்ததுதான். 1989இல் 'ஆஃப்டர் டார்க்' என்ற தொகுப்பு வந்து, அதில் ரொட்டி வாட்டும் டோஸ்டர்கள் சிறகு முளைத்துப் பறந்தது பெரிய வேடிக்கையாக இருந்தது. 1992இல் அமெரிக்க அரசு எனர்ஜி ஸ்டார் திட்டத்தைக் கொண்டுவந்த பிறகு, சும்மா இருக்கும் திரையை அணைத்து வைப்பது கணினிகளின் வழக்கமாயிற்று. சாதாரண எல்.சி.டி. திரைக்குத் தடம் பதியும் பயம் அநேகமாக இல்லை. ஓ.எல்.இ.டி. திரை வைத்திருப்பவர்கள் மட்டும் 2, 3 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

விளக்கை நீட்டிய கையோடு பூட்டைத் திரும்பப் போட்டேன். பழைய ஸ்கிரீன் சேவர் பெட்டி விண்டோஸ் 11இலும் இருக்கிறது. அதில் எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று கொடுத்து, பக்கத்தில் 'ஆன் ரெஸ்யூம், டிஸ்ப்ளே லாகான் ஸ்கிரீன்' என்ற கட்டத்தில் டிக் செய்தால் போதும், மறந்து எழுந்து போனாலும் தானே பூட்டிக்கொள்ளும். வீட்டுக் கணினிக்கு 5 நிமிடம் சரி. பலரும் உட்கார்ந்து எழும் வாசகசாலைக் கணினிக்கு 2 நிமிடம்கூட அதிகம் என்பேன். ஓர் அன்பர் வங்கிப் பக்கத்தை அப்படியே திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனதையும், அடுத்து உட்கார்ந்த நல்ல மனிதர் பதறிப்போய் அவரைத் தேடி ஓடியதையும் நானே பார்த்திருக்கிறேன்.

லினக்ஸ் வைத்திருக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. உபுன்டு போன்றவற்றில் நீங்கள் உள்ளே போய் மாற்றும் நேரம் உங்கள் கணக்குக்கு மட்டும்தான் பொருந்தும். கணினியைப் போட்டவுடன் வரும் நுழைவுத் திரையில் இன்னும் யாரும் நுழையவில்லையே, அது யாருடைய சொல்லைக் கேட்கும்? அதற்கென்றே ஜி.டி.எம். என்று தனிப் பயனர் ஒருவர் இருக்கிறார். வாசல் காவலாளி மாதிரி. அவருடைய டிகான்ஃப் அமைப்பில் 'ஐடில் டிலே' என்பதை விநாடிக் கணக்கில் மாற்ற வேண்டும். வழக்கமாக 300 இருக்கும், 0 கொடுத்தால் அணையவே அணையாது. மாக் கணினியில் 2022இல் வந்த வென்சுரா முதல், பூட்டும் நேரமும் திரை அணையும் நேரமும் 'லாக் ஸ்கிரீன்' என்ற ஒரே பக்கத்தில் தனித்தனி வரிகளாகக் கிடைக்கின்றன.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. விசைப்பலகை தமிழில் நிற்கும்போது பாஸ்வேர்டு அடித்தால், திரையில் தெரிவது வெறும் புள்ளிகள்தான் என்பதால், தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியாது. நேரம் போவதும் பதற்றம் கூடுவதும் பெரும்பாலும் இதனால்தான். வலப்பக்கக் கீழ் மூலையில் எந்த மொழி என்று ஒரு சிறு குறி இருக்கும், அதைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். பாஸ்வேர்டுக் கட்டத்தின் ஓரத்தில் கண் போன்ற படத்தை அழுத்திப் பிடித்தால் அடித்தது தெரியும். மாமாவுக்கு நான் பின் எண் வைத்துக் கொடுத்தேன். அந்த எண் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே செல்லும். வேறு யாருக்காவது தெரிந்தாலும் வேறிடத்திலிருந்து அதை வைத்துக்கொண்டு நுழைய முடியாது. டைரியைத் தேடும் வேலையும் மிச்சம்.

பொத்தானுக்கும் ஒரு ஏற்பாடு செய்தேன். பவர் ஆப்ஷன்ஸில், பொத்தானைத் தட்டினால் ஒன்றும் நடக்க வேண்டாம் என்று வைக்க முடியும். ஆனால் நாலைந்து விநாடி அழுத்திப் பிடித்தால் அணைவதைத் தடுக்க வழியில்லை. அதனால் மானிட்டரின் கீழே ஒரு காகிதம் ஒட்டினேன்: "கறுப்பாக இருந்தால் முதலில் ஸ்பேஸ் பாரைத் தட்டவும்." மாமி அதற்குக் கீழே தன் கையெழுத்தில் "பெரிய பொத்தான் கூடாது" என்று சேர்த்திருக்கிறார்.

அப்போது மாமாவினுடையது விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அதற்கான பொதுவான ஆதரவு முடிந்துவிட்டதால் இப்போது 11க்கு மாற்றியாயிற்று. அதிலும் அதே கடிகாரம், அதே ஒளிவிடம். மறுபடியும் 1 ஐ 2 ஆக்கினோம். தாத்தாவைப் பற்றிய பக்கங்களை மாமா திரும்ப எழுதிவிட்டார். "முன்னே எழுதினதுல வாய்க்கால் சண்டையை விட்டுட்டேன் தம்பி, இப்போ அதுவும் வந்திருக்கு" என்றார். இந்தத் தடவை ஆறு பக்கம் ஒன்பதாகியிருக்கிறது.